இத்தாலியில் காபியும் ஒயினும்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ இத்தாலிக்கு வருகிறவர்களுக்கு விசா, வாடகை வீடு, மொழி என்று ஆயிரம் கவலை இருக்கும். அதற்கெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் காபிக் கடையில் எப்படிக் கேட்பது, ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒயின் பட்டியலை நீட்டினால் என்ன சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. இந்த ஊர்க்காரர்கள் நம்மிடம் முதன்முதலில் வாய்விட்டுப் பேசுவதும் பழகுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். அதனால் இதையும் கற்றுக்கொண்டு வருவது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபி, ஒயின் விஷயத்தில் இத்தாலியர்களுக்கு இருப்பது நாட்டுப் பெருமையைவிட ஊர்ப் பெருமை. நேப்பிள்ஸ்காரருக்கு நேப்பிள்ஸ் காபிதான் காபி. ட்ரியெஸ்தேக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். பியெமோந்தே மாநிலத்தில் ஒருவரிடம் டஸ்கனி ஒயினைப் புகழ்ந்து பாருங்கள். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பேச்சைத் தன் ஊர் ஒயினான பரோலோவுக்கே கொண்டுவந்துவிடுவார். ஆகவே எந்த ஊரில் நிற்கிறீர்களோ, அந்த ஊரார் குடிப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

1. பாருக்குள் நுழைவது

இங்கே ‘பார்’ என்று போர்டு போட்டிருந்தால் அது பெரும்பாலும் காபிக் கடை. தயங்காமல் போங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பாட்டிமார்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் காலையில் அங்கேதான் நிற்பார்கள். உள்ளே போனதும் “புவோன்ஜோர்னோ” சொல்லுங்கள். சாயங்காலம் என்றால் “புவோனசேரா”. வணக்கம் சொல்லாமல் எடுத்த எடுப்பில் காபி கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, பணம் முன்னாலா பின்னாலா என்று பாருங்கள். ரயில் நிலையங்களிலும் நெடுஞ்சாலைக் கடைகளிலும் கூட்டம் அதிகமுள்ள நகர மையங்களிலும் முதலில் ‘கஸ்ஸா’ என்று எழுதியிருக்கும் கல்லாவில் காசு கட்டி ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதைக் காபி போடும் மேடையில் வைத்து, வேண்டியதை மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். சிறிய ஊர்களிலும் தெருமுனைக் கடைகளிலும் குடித்துவிட்டுக் கடைசியில் கொடுப்பதுதான் வழக்கம். புரியவில்லை என்றால் உங்களுக்கு முன்னால் நிற்பவர் செய்வதையே செய்யுங்கள்.

நின்று குடிப்பதா, உட்கார்ந்து குடிப்பதா என்பதைப் பொறுத்துத்தான் விலை. நின்று குடித்தால் பெரும்பாலான ஊர்களில் ஒரு யூரோவுக்குச் சற்று மேலே ஆகும். அதே காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகலாம். வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கம் போன்ற இடங்களில் வாத்திய இசைக்கென்று தனிக் கட்டணமும் சேரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விலைப்பட்டியலைக் கடைக்குள் மாட்டியிருப்பார்கள்; ‘பான்கோ’ என்பது நின்று குடிப்பதற்கு, ‘தாவோலோ’ என்பது மேசைக்கு. பார்த்துவிட்டு உட்காருங்கள். நின்று குடிப்பதையே நான் சொல்வேன். காசு மிச்சமாவது ஒருபுறம் இருக்கட்டும், காபி போடும் கையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அந்தக் கையைக் கவனியுங்கள். முந்தின காபியின் சக்கையைத் தட்டிக் கொட்டுவார். புதிதாக அரைத்த பொடியைப் பிடி வைத்த வடிகட்டியில் நிரப்பி, அழுத்தி, மெஷினில் பூட்டுவார். வடிகிற நேரத்துக்குள் ஒரு சாஸரையும் குட்டி ஸ்பூனையும் உங்கள் முன்னால் வைத்துவிடுவார். சாஸர் வந்துவிட்டால் உங்கள் ஆர்டர் அவர் கணக்கில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மறுபடி கூப்பிட வேண்டாம். அசல் இத்தாலிய எஸ்பிரஸ்ஸோவுக்கு இங்கே ஓர் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்கள்: சுமார் 7 கிராம் பொடி, 9 பார் (இது அழுத்தத்தின் அலகு) அழுத்தம், 88 டிகிரி வெந்நீர், 25 வினாடி, கோப்பையில் 25 மில்லிலிட்டர். மேலே முந்திரித்தோல் நிறத்தில் படியும் மெல்லிய நுரைக்கு ‘க்ரேமா’ என்று பெயர். அது வெளிறிப்போய் உடனே கலைந்தால் காபி சரியாக இறங்கவில்லை.

இந்த இயந்திரத்துக்குப் பின்னால் மூன்று பேருடைய உழைப்பு இருக்கிறது. 1884-ல் டூரினில் ஆஞ்ஜெலோ மொரியொந்தோ நீராவிக் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-ல் மிலானின் லூயிஜி பெத்ஸேரா கோப்பை கோப்பையாகப் போட்டுத் தரும்படி அதை மாற்றினார். அப்போதைய காபியில் க்ரேமா கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கில்லே காஜ்ஜியா கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரம் அழுத்தத்தைக் கூட்டிய பிறகுதான் அந்த நுரை வந்தது. நாடு முழுக்கத் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்ததாகத் தோன்றும் பழக்கத்துக்கு, இன்றைய வடிவில், எண்பது வயதுகூட ஆகவில்லை.

2. என்ன கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது

“உன் கஃபே” என்று கேட்டால் எஸ்பிரஸ்ஸோதான் வரும். ‘எஸ்பிரஸ்ஸோ’ என்ற சொல்லைக் கடையில் யாரும் அதிகம் சொல்வதில்லை. கசப்பு அதிகம் என்றால் ‘மக்கியாதோ’ கேளுங்கள், மேலே ஒரு சொட்டுப் பால்நுரை விட்டுத் தருவார்கள். ‘லுங்கோ’ என்றால் தண்ணீர் கொஞ்சம் கூட, ‘ரிஸ்த்ரெத்தோ’ என்றால் இன்னும் குறுக்கியது. ‘கொர்ரெத்தோ’ என்பதில் க்ராப்பா போன்ற சாராயம் கொஞ்சம் ஊற்றியிருக்கும். மது தொடாதவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துத் தவிர்க்க வேண்டும். வெறுமனே ‘லாத்தே’ என்று கேட்டால் ஒரு கிளாஸ் பால் மட்டும்தான் வரும். பால்காபி வேண்டுமானால் ‘கஃபெலாத்தே’ என்று முழுசாகச் சொல்லுங்கள்.

கப்புச்சீனோ காலை உணவைச் சேர்ந்தது. கொர்னெத்தோ எனும் பிறை வடிவ ரொட்டியோடு, பதினோரு மணிக்குள் குடித்து முடிப்பது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இவ்வளவு பால் குடித்தால் ஜீரணமாகாது என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. மாலையில் கேட்டாலும் போட்டுத் தருவார்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வெளியூர்க்காரர் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். சாப்பிடும்போது கூடவே காபி குடிப்பதும் இல்லை. சாப்பாடு முடிந்து, இனிப்பும் முடிந்து, அதற்கும் பிறகுதான் காபி. சைவர்களுக்கு ஒரு வார்த்தை: கொர்னெத்தோவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் ‘வேகானோ’ என்று கேளுங்கள், பெரிய ஊர்களில் பல கடைகளில் கிடைக்கும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. தெற்கே, முக்கியமாக நேப்பிள்ஸில், ரசீதோடு பத்து இருபது சென்ட் நாணயம் ஒன்றை மேடையில் வைப்பார்கள். நீங்களும் வையுங்கள்.

3. ஊருக்கு ஊர் மாறும் காபி

நேப்பிள்ஸில் காபிக்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸ் தண்ணீர் வரும். அதை முதலில் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்; காபிக்குப் பிறகு குடித்தால் சுவை நிற்காது, காபி பிடிக்கவில்லை என்றும் நினைப்பார்கள். கோப்பையை வெந்நீரிலேயே போட்டு வைத்திருப்பதால் விளிம்பு உதட்டைச் சுடும், கவனம். சில பழைய பார்களில் சர்க்கரை போட்டே தருவார்கள். சர்க்கரை வேண்டாம் என்றால் முன்கூட்டியே ‘அமாரோ’ என்று சொல்லிவிடுங்கள். இதே ஊரில்தான் ‘கஃபே சொஸ்பேஸோ’ என்ற வழக்கம் பிறந்தது: ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துப் போவார்கள், அந்த இரண்டாவது காபி கையில் காசில்லாமல் வரும் யாருக்கோ. கொடுத்தவர் யார், குடித்தவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. இத்தாலியில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இதுதான்.

நேப்பிள்ஸ் காபியின் அழுத்தத்துக்கு அதில் கலக்கும் ரோபஸ்டா கொட்டையும் ஒரு காரணம். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் இருக்கிறது. குடகிலும் வயநாட்டிலும் விளைந்த ரோபஸ்டாவும், மேற்குக் கடற்கரையின் பருவக்காற்றில் ஊறவைத்த மலபார் கொட்டையும் இங்குள்ள வறுவல் ஆலைகளுக்கு வந்து சேர்கின்றன. பெயரளவில் சிசிலியில் கொஞ்சம் பயிரிட்டுப் பார்ப்பதைத் தவிர, இத்தாலியில் காபி விளைவதில்லை. வறுப்பதிலும் கலப்பதிலும் வடிப்பதிலும்தான் இவர்கள் கைதேர்ந்தவர்கள்.

வடகிழக்கு மூலையில் இருக்கும் ட்ரியெஸ்தே 1719 முதல் சுங்கவரி இல்லாத துறைமுகம். காபி மூட்டைகள் வந்திறங்கி வளர்ந்த ஊர் என்பதால் அங்கே பெயர்களே வேறு. கறுப்புக் காபிக்கு ‘நேரோ’. பால் சேர்த்த குட்டிக் காபிக்கு ‘கப்போ’. அதையே சின்னக் கண்ணாடி கிளாஸில் வேண்டுமென்றால் ‘கப்போ இன் பி’. மற்ற ஊர் கப்புச்சீனோ வேண்டுமானால் அங்கே ‘கஃபெலாத்தே’ என்று கேட்க வேண்டும். டூரினில் ‘பிச்செரின்’ குடியுங்கள்: சாக்லேட், காபி, பாலேடு மூன்றும் அடுக்கடுக்காக நிற்கும் கிளாஸ். கலக்காமல் குடிக்க வேண்டும். அந்தப் பானத்தின் பெயரையே தாங்கிய கடை ஒன்று 1763 முதல் அங்கே நடக்கிறது. தெற்கே உள்ள லெச்சே ஊரில் கோடைக்கு ஐஸும் பாதாம் பாலும் சேர்த்த காபி. சிசிலியில் கோடைக் காலையில் உறைந்த காபி க்ரனீத்தாவும் அதில் தோய்த்துச் சாப்பிட ஒரு பிரியோஷ் ரொட்டியும்.

வெனிஸின் ஃப்ளோரியன் காபிக்கடை 1720-லும், ரோமின் கஃபே க்ரேக்கோ 1760-லும் தொடங்கியவை. ஒருமுறை போய்ப் பாருங்கள். தினசரிக் காபிக்கு உங்கள் தெருமுனைக் கடை போதும். அங்கே ஒரு மாதம் தொடர்ந்து போனால் நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் காபி இறங்க ஆரம்பித்துவிடும்.

4. வீட்டில் மோக்கா

வாடகை வீட்டுச் சமையலறையில் எண்கோண வடிவில் ஓர் அலுமினியப் பாத்திரம் கட்டாயம் கிடக்கும். அதுதான் மோக்கா. 1933-ல் பியெமோந்தேயில் அல்ஃபோன்ஸோ பியலெத்தி கொண்டுவந்தது. அதை வீட்டுக்கு வீடு சேர்த்தவர் அவர் மகன் ரெனாத்தோ. 2016-ல் அவர் இறந்தபோது அஸ்தியை மோக்கா வடிவக் கலசத்திலேயே வைத்து அடக்கம் செய்தார்கள்.

போடும் முறை இது. கீழ்க்கிண்ணத்தில் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். வடிகட்டியில் பொடியை மேடாக இல்லாமல் நிரப்புங்கள், அழுத்தவே கூடாது. இறுக்கித் திருகி, ஆகச் சிறிய தீயில், மூடியைத் திறந்து வையுங்கள். காபி மெதுவாக ஊறி மேலேறும். குமிழியிட்டுக் களகளவென்று சத்தம் வரத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். சத்தம் முடியும் வரை விட்டால் கரிந்த கசப்பு இறங்கிவிடும். கழுவும்போது சோப்பு போடாதீர்கள், வெறும் வெந்நீர் போதும். நேப்பிள்ஸ் வீடுகளில் முதலில் மேலேறும் சில சொட்டுக் காபியைச் சர்க்கரையில் விட்டு, வெளுத்து நுரைக்கும்வரை ஸ்பூனால் அடித்து, ஒவ்வொரு கோப்பையிலும் மேலே போடுவார்கள். மெஷின் இல்லாமலே க்ரேமா!

மோக்காவுக்கு முந்தைய நேப்பிள்ஸ் பாத்திரம் ‘குக்குமெல்லா’. தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வெந்நீர் தன் எடையிலேயே பொடி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும், நம் பித்தளை ஃபில்டரில் டிக்காஷன் இறங்குவது போல. பழைய சாமான் சந்தையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

5. சாப்பாட்டு மேசையில் ஒயின்

ஒயின் குடிக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே ஒயின் சாப்பாட்டோடு சேர்ந்த பொருள். மேசையில் தண்ணீர் ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். குடித்துவிட்டு நிலைதடுமாறுவதை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை, அவமானமாகத்தான் நினைக்கிறார்கள்.

பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரண உணவகத்தில் ‘வீனோ தெல்லா காஸா’ என்று கேளுங்கள். அந்தக் கடையின் சொந்தத் தேர்வு, ஜாடியில் வரும். இரண்டு பேருக்கு ‘மெத்ஸோ லீத்ரோ’, அதாவது அரை லிட்டர், ஒருவருக்கு ‘உன் குவார்த்தோ’, கால் லிட்டர். சிவப்பு ‘ரொஸ்ஸோ’, வெள்ளை ‘பியான்கோ’. ஒயின் விளையும் பகுதிகளில் இந்த ஜாடி ஒயினே பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கும்.

பாட்டில் வாங்கினால் திறந்து கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். அது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கிளாஸை அதன் காம்பில் பிடித்து, லேசாகச் சுழற்றி, மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் தலையசைத்தால் போதும். கிளாஸை விளிம்புவரை நிரப்பாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு போதும். ‘சின் சின்’ என்று கிளாஸை முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

எதனோடு எது என்பதிலும் ஊர்க் கணக்குதான். போலோன்யாவிலும் மோதெனாவிலும் கொழுப்புள்ள சாப்பாட்டுக்கு நுரைக்கும் சிவப்பு லம்ப்ரூஸ்கோ. அந்தக் குளிர்ந்த நுரை நாக்கில் ஒட்டிய பார்மிஜானோ சீஸைக் கழுவிக்கொண்டு போவதைக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். வெனிஸில் சாயங்காலம் ‘பாக்கரோ’ எனும் சிறு கடைகளில் நின்றபடி ‘ஓம்ப்ரா’, ஒரு சின்ன கிளாஸ் ஒயின், கூடவே ‘சிக்கெத்தி’ எனும் கொறிக்கும் பண்டங்கள். சைவர்கள் அங்கே “மாமிசம் வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. மீனும் ஹாம் எனும் பன்றி இறைச்சியும் சிலர் கணக்கில் மாமிசத்தில் சேராது. ‘பேஷ்ஷே’ வேண்டாம், ‘ப்ரொஷுத்தோ’ வேண்டாம் என்று தனித்தனியே சொல்லுங்கள்.

6. பாட்டிலின் கழுத்தைப் படிப்பது

1986-ல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. அதற்குப் பிறகுதான் அளவைவிடத் தரம் முக்கியம் என்று நல்ல விவசாயிகள் பிடிவாதமாக மாறினார்கள். இன்று பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் இவர்கள் கொடுக்கும் மதிப்பு அங்கிருந்தும் வருகிறது.

கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைத் தாள் பட்டை ஒட்டி, டி.ஓ.சி.ஜி. என்று இருந்தால் அது மேல்வகுப்பு: எந்த எல்லைக்குள் விளைந்தது, எந்தத் திராட்சை, எத்தனை நாள் வைத்திருந்தது எல்லாம் சட்டப்படி. அடுத்தது டி.ஓ.சி.; இந்த முறை 1963-ல் சட்டமானது. ஐ.ஜி.டி. என்றால் பகுதி மட்டும் உறுதி, விதிகள் தளர்வு. ஆனால் ஐ.ஜி.டி. என்றதும் மட்டமாக நினைக்காதீர்கள். விதிக்குள் அடங்காமல் புதிதாக முயன்ற மிகச் சிறந்த டஸ்கனி ஒயின்கள் சில அந்தப் பெயரில்தான் விற்கின்றன.

‘ரிசேர்வா’ என்றால் கூடுதல் காலம் வைத்திருந்தது. ‘க்ளாசிக்கோ’ என்றால் அந்த ஒயின் முதலில் விளைந்த பழைய எல்லை. டஸ்கனி ஒயின்களான கியாந்தியும் கியாந்தி க்ளாசிக்கோவும் ஒன்றல்ல. பாட்டிலில் கறுப்புச் சேவல் இருந்தால் இரண்டாவது. அதன் எல்லையை 1716-லேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி ஆணை போட்டு வரையறுத்தார். பரோலோ நெப்பியோலோ திராட்சையிலிருந்து மட்டும். 38 மாதம் ஆகாமல் கடைக்கு வரக்கூடாது, அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். டஸ்கனியின் புருனெல்லோ ஒயினில் சான்ஜொவேசே திராட்சை மட்டும். அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனை. விலை ஏன் அதிகம் என்பதற்கு இந்தக் காத்திருப்பே பதில்.

புதியவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘மொந்தெபுல்சியானோ த’அப்ரூத்ஸோ’ என்பதில் மொந்தெபுல்சியானோ திராட்சையின் பெயர். ‘வீனோ நோபிலே தி மொந்தெபுல்சியானோ’ என்பதில் அது டஸ்கனியில் இருக்கும் ஊரின் பெயர், திராட்சையோ சான்ஜொவேசே. இரண்டுக்கும் விலையிலும் சுவையிலும் சம்பந்தமே கிடையாது.

7. தோட்டத்துக்கு நேரே போவது

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பல இடங்களில் ஒரு குடும்பம்தான் எல்லா வேலையும் பார்க்கும். செப்டம்பர், அக்டோபர் அறுவடையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மே மாதக் கடைசி வார இறுதியில் ‘கந்தீனே அபெர்த்தே’ என்ற பெயரில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான தோட்டங்கள் கதவைத் திறந்துவிடும். முதல் முறைக்கு அதுவே நல்ல நாள். கார் இல்லையா? புரொசெக்கோ எனும் நுரைக்கும் ஒயின் விளையும் குன்றுகளின் வாசலான கொனெலியானோ, வெனிஸிலிருந்து உதினே போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. பரோலோ பக்கம் போக ஆல்பாவரை ரயிலில் போகலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். சுவைத்துவிட்டு அங்கே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்புவது அநாகரிகமில்லை, தொழில்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மண் எப்படி, இந்த வருஷம் மழை எப்படி என்று கேளுங்கள். விவசாயியிடம் விவசாயம் பேசினால் மடை திறந்ததுபோலச் சொல்வார். கிளம்பும்போது ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொள்வது முறை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அதுவும் கிடையாது, பூஜ்யம்தான்.

8. மது தொடாதவர்கள்

“நோன் பேவோ ஆல்கோல்” என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். மாலை நேரத்து ‘அப்பெரிதீவோ’ கூட்டத்தில் எல்லாரும் ஸ்ப்ரித்ஸ் எனும் ஆரஞ்சு நிற மதுக்கலவையைக் குடிக்கும்போது நீங்கள் ‘க்ரோதீனோ’ கேளுங்கள்: அதே நிறம், அதே கசப்பு, மது இல்லை. கறுப்பாக வேண்டுமென்றால் ‘கினோத்தோ’, கசப்பான ஒரு வகை ஆரஞ்சிலிருந்து செய்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் க்ராப்பாவோ லிமோன்செல்லோவோ எடுக்கும் நேரத்தில் காபி சொல்லலாம். தூக்கம் கெடும் என்றால் ‘தெக்கா’ என்று காஃபீன் நீக்கியதைக் கேளுங்கள், அல்லது வறுத்த பார்லியில் போடும் ‘ஓர்சோ’. அதையும் அதே குட்டிக் கோப்பையில், அதே சாஸரோடுதான் கொண்டுவந்து வைப்பார்கள்.